‘பதிவு எதுவும் இல்லை’ன்னா நல்லவர்னு அர்த்தமா?

எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம். குழந்தைகள் மீதான குற்றங்கள் பற்றிய பேச்சு இதில் வருகிறது. விவரமான வர்ணனை எதுவும் இல்லை.

இந்த வாரம் கொஞ்சம் கனமான விஷயம். ஆனா எல்லார் வீட்டுக்கும் பக்கத்துல இருக்கிற விஷயம்.

நான் இப்போ வேலை பார்க்கிற கம்பெனியில் சேர்ந்தபோது ‘பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்’னு ஒன்று நடந்தது. ஐடியில் இருக்கிறவங்களுக்குத் தெரியும். காலேஜுக்கு மெயில் போட்டு என் டிகிரி நிஜம்தானான்னு கேட்டாங்க. பழைய கம்பெனி எச்ஆரிடம் நான் சொன்ன தேதியெல்லாம் சரியான்னு கேட்டாங்க. ஒருத்தர் பைக்கில் வந்து, நான் குடியிருக்கிற வீட்டு வாசலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஹவுஸ் ஓனர் மாமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னப்பா, ஏதாவது பிரச்சனையா?”ன்னு கேட்டாங்க.

இத்தனையும் எதுக்கு? ஒரு ஷாப்பிங் ஆப்பில் கூப்பன் கோட் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கிற வேலைக்கு.

அதே வருஷம் சனிக்கிழமைகளில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் போக ஆரம்பிச்சேன். 10, 12 வயசுப் பசங்க. முதல் நாள் வாசலில் ஒரு நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதினேன். அவ்வளவுதான். “போலீஸ் வெரிஃபிகேஷன் ஏதாவது வேணுமா அக்கா?”ன்னு அங்கே பொறுப்பில் இருந்தவரிடம் கேட்டேன். அவங்க சிரிச்சாங்க. “என்ன தம்பி, உங்களைப் பார்த்தாலே தெரியலையா?”

அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது. வீட்டுக்கு வர்ற வழியில்தான் உறைச்சது. அவங்க பார்த்தது என் சட்டையையும் லேப்டாப் பையையும்தான். அதை வைத்து என்னை உள்ளே விட்டாங்கன்னா, அதே மாதிரி சட்டை போட்ட யாரை வேணும்னாலும் விடுவாங்க.

சரி, அப்போ வெரிஃபிகேஷன் செய்திருந்தால் மட்டும் போதுமா? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒரு இங்கிலாந்து வழக்கில் இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

சோஹம், 2002

கேம்பிரிட்ஜ்ஷையரில் சோஹம் என்று ஒரு சின்ன ஊர். 2002 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, ஹாலி வெல்ஸ், ஜெசிகா சாப்மன் என்ற இரண்டு 10 வயதுத் தோழிகள் காணாமல் போனார்கள். இரண்டு வாரம் நாடே தேடியது. கடைசியில் இயன் ஹன்ட்லி என்பவர் கைது செய்யப்பட்டார். அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியின் கேர்டேக்கர். 2003 டிசம்பரில் இரண்டு கொலைகளுக்கும் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு வந்த பிறகுதான் மக்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்தது. 1995-லிருந்து 1999 வரைக்கும், ஹன்ட்லி முன்பு வசித்த ஹம்பர்சைடு பகுதிப் போலீஸிடம் அவர் மீது எட்டுப் பாலியல் புகார்கள் போயிருக்கின்றன. எட்டு! ஒன்றில்கூட தண்டனை இல்லை. ஒரு வழக்கில் குற்றச்சாட்டு பதிவாகி, ஆதாரம் போதாது என்று கைவிடப்பட்டது.

இப்படி ஒருத்தர் எப்படிப் பள்ளிக்குள் வேலைக்கு வந்தார்? போலீஸ் சோதனையே நடக்கலையா?

நடந்தது. அதுதான் இதில் முக்கியம். சோதனை நடந்தது, ‘எதுவும் இல்லை’ன்னு பதில் வந்தது.

கேட்டது ஒரு பெயர், இருந்தது இன்னொரு பெயர்

அரசு சர் மைக்கேல் பிச்சர்ட் என்பவர் தலைமையில் ஒரு விசாரணை வைத்தது. 2004 ஜூனில் அறிக்கை வந்தது. என் மாதிரி ஆட்களுக்கு அது ஒரு பெரிய சிஸ்டம் ஃபெயிலியரின் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் மாதிரி. அதில் இருக்கிற ஓட்டைகளை ஒவ்வொன்றா பார்ப்போம்.

முதல் ஓட்டை, பெயர். ஹன்ட்லி 2001-இல் வேலைக்கு விண்ணப்பித்தது ‘இயன் நிக்சன்’ என்ற பெயரில். நிக்சன் என்பது அவருடைய அம்மாவின் குடும்பப் பெயர். ஆனா போலீஸ் சோதனைக்கான படிவத்தில் ஹன்ட்லி என்ற பழைய பெயரும் இருந்தது. அதாவது அந்த இடத்தில் அவர் மறைக்கவில்லை. சோதனை செய்த கேம்பிரிட்ஜ்ஷையர் போலீஸ், தேசியக் கம்ப்யூட்டரில் நிக்சன் என்ற பெயரை மட்டும் தேடியிருக்கிறார்கள் என்றுதான் விசாரணை முடிவுக்கு வந்தது. இரண்டு ஃபீல்டு நிரப்பிக் கொடுத்திருக்கு, கோட் ஒன்றை மட்டும் படிச்சிருக்கு.

இரண்டாவது ஓட்டை, போகாத கேள்வி. ஹன்ட்லி முன்பு இருந்த ஊர்ப் போலீஸிடமும் கேட்க வேண்டும். அப்போது இதெல்லாம் ஃபேக்ஸில் நடக்கும். அந்த ஃபேக்ஸ் பெரும்பாலும் அனுப்பப்படவே இல்லை என்பது பிச்சர்டின் முடிவு.

மூன்றாவது ஓட்டைதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஒருவேளை ஃபேக்ஸ் போயிருந்தாலும், ஹம்பர்சைடிலிருந்து ‘எதுவும் இல்லை’ என்றுதான் பதில் வந்திருக்கும். ஏன்னா அங்கே பதிவுகளே ஒழுங்காக இல்லை. சில புகார்கள் உளவுத் தகவலாகப் பதிவாகவே இல்லை, பதிவான சிலதும் அழிக்கப்பட்டிருந்தன. தங்கள் சிஸ்டம் எப்படி வேலை செய்கிறது என்பதே அங்கிருந்த அதிகாரிகள் பலருக்குத் தெரியவில்லை.

1999-இல் ஒரு கான்ஸ்டபிள் மட்டும் பழைய புகார்களைச் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார். இந்த ஆள் தொடர்ந்து இதைச் செய்பவர், வெளியே நடமாடிக்கொண்டிருக்கிறார் என்ற பொருளில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பும் பிறகு அழிந்துபோனது. தகவல் பாதுகாப்புச் சட்டத்தால்தான் அழித்தோம் என்று போலீஸ் தரப்பு சொல்லிப்பார்த்தது. சட்டத்தின் மேல் பழி போடாதீங்க என்பதுதான் பிச்சர்ட் சொன்னதன் சாரம்.

மற்றபடி புகார்களைத் தனித்தனியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் தனியாப் பார்த்தா, ‘சரி, ஆதாரம் இல்லை, மூடிடலாம்’னு தோணும். எட்டையும் ஒரே மேஜையில் வைத்தால்தான் உருவம் தெரியும். வயது குறைந்த பெண்கள் சம்பந்தப்பட்ட புகார்கள் சமூக நலத்துறையிடமும் போயிருக்கின்றன. அவர்களும் தனித்தனியாகத்தான் பார்த்தார்கள்.

டெவலப்பர்களுக்குப் பழக்கமான ஒரு விஷயத்தோட இதை ஒப்பிடலாம். ஒரு ஃபீல்டில் ‘நல்’ இருந்தால் அதுக்கு ‘ஃபால்ஸ்’னு அர்த்தம் இல்லை. தகவல் இல்லை என்பது வேறு, தப்பு செய்யலை என்பது வேறு. கோடில் இந்த இரண்டையும் குழப்பினால் பக் வரும். சோஹம் பள்ளியில் இந்த இரண்டையும் குழப்பியபோது ஒருத்தர் கையில் பள்ளியின் சாவி போனது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிடணும். அந்தக் குழந்தைகள் அவர் வேலை செய்த பள்ளியில் படிக்கவில்லை. பக்கத்து ஆரம்பப் பள்ளியில் படித்தார்கள். ஹன்ட்லியின் தோழி அங்கே வகுப்பு உதவியாளராக இருந்தார், அதன் வழியாகத்தான் பழக்கம். அதனால் சோதனை ஒழுங்கா நடந்திருந்தால் அவர்கள் நிச்சயம் உயிரோடு இருந்திருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஆளுக்கு அந்த வேலை கிடைத்திருக்காது என்று மட்டும் சொல்லலாம்.

அதுக்கப்புறம் என்ன கட்டினாங்க?

பிச்சர்ட் 31 பரிந்துரைகள் கொடுத்தார். அதிலிருந்து இரண்டு பெரிய விஷயங்கள் வந்தன.

ஒன்று, இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்துப் போலீஸ் படைகளின் உள்ளூர்த் தகவல்களைச் சேர்த்துத் தேடுகிற தேசியத் தரவுத்தளம். அது வர 2011 ஆயிற்று. அறிக்கை வந்து ஏழு வருஷம். அரசு சாஃப்ட்வேர்ல வேலை பார்த்தவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது.

இரண்டாவது, 2006-இல் வந்த சட்டம். குழந்தைகளோடு வேலை செய்யத் தடை செய்யப்பட்டவர்கள், உதவி தேவைப்படும் பெரியவர்களோடு வேலை செய்யத் தடை செய்யப்பட்டவர்கள் என்று இரண்டு பட்டியல்கள். இப்போது இதை நடத்துவது டிபிஎஸ் என்ற அமைப்பு, 2012 டிசம்பரில் தொடங்கியது. இங்கிலாந்தில் இருக்கிற உங்க பிரெண்ட்ஸ் யாராவது பள்ளியிலோ, முதியோர் இல்லத்திலோ பார்ட் டைம் வேலைக்குப் போயிருந்தா, ‘டிபிஎஸ் வந்துடுச்சா?’ன்னு பேசிக் கேட்டிருப்பீங்க.

இதில் பல நிலைகள் இருக்கு. சாதாரணச் சோதனையில் நடப்பில் உள்ள தண்டனைகள் மட்டும் வரும். பள்ளி ஆசிரியர் மாதிரி வேலைக்கு ‘என்ஹான்ஸ்டு’ சோதனை, கூடவே தடைப்பட்டியலும். அந்த நிலையில், தண்டனை ஆகாத ஆனால் சம்பந்தம் உள்ள தகவல் ஏதாவது உள்ளூர்ப் போலீஸிடம் இருந்தால், அதையும் சேர்க்கலாம். ஹன்ட்லி விஷயத்தில் விட்டுப்போனது இதுதான்.

இன்னொரு நல்ல விதியும் உண்டு. ஒரு குழந்தைக்குத் தீங்கு செய்ததாலோ, செய்யக்கூடும் என்பதாலோ ஒருவரை அந்த வேலையிலிருந்து நீக்கினால், அதை டிபிஎஸ்ஸுக்குத் தெரிவிக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. நீக்குவதற்கு முன்னாடியே அவர் ராஜினாமா செய்திருந்தாலும் சரி. ‘பேரு கெட்டுப்போயிடும், கமுக்கமா அனுப்பிடுவோம்’னு விட்டால், அவர் பக்கத்துப் பள்ளியில் சேருவார். அந்த வழியை அடைக்கத்தான் இந்த விதி.

பெரியவர்கள் விஷயத்திலும் ஒரு யோசனை எனக்குப் பிடிச்சது. 2012-க்குப் பிறகு அந்தச் சட்டம் ‘இவர் பலவீனமானவர்’ என்று ஆளுக்கு முத்திரை குத்துவதில்லை. வேலையைத்தான் பார்க்கிறது. முதுமையாலோ நோயாலோ முடியாத ஒருவரைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது மட்டும் இல்லை. அவருக்காகப் பணம் எடுப்பது, பில் கட்டுவது, கடைக்குப் போவது இதெல்லாம்கூட அந்தக் கணக்கில் வரும். பாட்டியின் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் யாரிடம் இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

மறுபக்கம்: தப்பே செய்யாதவர்

இதுவரைக்கும் கேட்டா, ‘எல்லாத்தையும் பதிவு பண்ணு, எல்லாரையும் சோதி’ன்னு தோணும். இங்கிலாந்தும் கொஞ்ச நாள் அப்படித்தான் யோசித்தது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் பழகுகிற சுமார் 1 கோடியே 10 லட்சம் பேரை முன்கூட்டியே பதிவு செய்யும் திட்டம் ஒன்று போட்டார்கள். 2009-இல் எதிர்ப்பு கிளம்பியது. பள்ளிகளுக்குப் போய்ப் பேசுகிற எழுத்தாளர்கள் சிலர், பிலிப் புல்மன் உட்பட, ‘இப்படின்னா நாங்க வரலை’ என்றார்கள். 2010-இல் புதிய அரசு அதை நிறுத்திவிட்டது.

அதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. ஆசிரியர் தகுதி பெற்ற, டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் மீது பாலியல் வன்முறை வழக்கு. 2011-இல் ஜூரி அவரை விடுதலை செய்தது. பிறகு அவர் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, சான்றிதழில் அந்த வழக்கும் விடுதலையும் எழுதப்பட்டிருந்தது. ‘நான்தான் விடுதலையாகிவிட்டேனே’ என்று வழக்குப் போட்டார். 2018-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆனால் இப்படிப்பட்ட தகவலை வேலை கொடுப்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது பற்றிக் கவலையும் தெரிவித்தது.

நீங்க ஒரு பள்ளியின் ஹெட்மாஸ்டர்னு வைங்க. சான்றிதழில் அப்படி ஒரு வரி இருந்தால் வேலை கொடுப்பீங்களா? நிறையப் பேர் கொடுக்க மாட்டாங்க. அந்த மனுஷன் நிஜமாவே அப்பாவியா இருந்தால், கோர்ட் விடுதலை செய்த பிறகும் அவர் வாழ்க்கை முழுக்க அந்தத் தண்டனையை அனுபவிப்பார்.

இங்கே மார்க் போட்டு ஜெயிக்கிற பதில் கிடையாது. வலையின் கண்ணைச் சின்னதாக்கினால் அப்பாவியும் சிக்குவார். பெரிதாக்கினால் ஹன்ட்லி தப்பிப்பார். அளவை யார் முடிவு செய்யறாங்க, தப்பா சிக்கினவர் யாரிடம் போய் முறையிடலாம் என்ற இரண்டும் எழுதி வைக்கப்பட்டிருந்தால்தான் அது நியாயமான வலை.

நம்ம ஊரில்

இப்போ நம்ம பக்கம் வருவோம். இந்தியாவில் சட்டம் இருக்கு. 2020 மார்ச்சில் அமலுக்கு வந்த போக்சோ விதிகள், குழந்தைகள் தங்குகிற அல்லது வழக்கமாக வருகிற நிறுவனங்கள் எல்லாமே, குழந்தைகளோடு பழகுகிற ஊழியர்களுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷனும் பின்னணிச் சோதனையும் செய்யணும்னு சொல்கின்றன. பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டு அகாடமி எல்லாம் இதில் வரும். ஆசிரியர் மட்டும் இல்லை. டிரைவர், ஆயாம்மா, கான்ட்ராக்ட் ஆட்களும்தான். அதுவும் ஒரு தடவை செய்தால் போதாது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செய்யணும். தமிழ்நாடு போலீஸின் இணையதளத்திலேயே வேலைக்கான சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் மூன்று விஷயம் கவனிக்கணும்.

ஒன்று, நமக்குத் தடைப்பட்டியல் கிடையாது. 2018 செப்டம்பரில் மத்திய உள்துறை பாலியல் குற்றவாளிகளுக்கான ஒரு தேசியத் தரவுத்தளம் தொடங்கியது. தொடங்கும்போதே 4.4 லட்சத்துக்கும் மேல் பதிவுகள். ஆனால் அது விசாரணை அமைப்புகள் மட்டும் பார்ப்பது. ஒரு பள்ளி நேரடியாக அதில் தேட முடியாது.

இரண்டு, பெயர். நிக்சன், ஹன்ட்லின்னு இரண்டு பெயருக்கே அந்தப் பாடு. நம்ம கதை என்ன? என் அப்பா பெயர் எனக்கு மார்க்‌ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் சர்நேம், ஆதாரில் முழுசா பெயருக்குப் பின்னாடி. செந்தில்குமாரை ஆங்கிலத்தில் எத்தனை விதமா எழுதலாம்னு எண்ணிப் பாருங்க. வேலைக்கு வேற மாவட்டம், வேற மாநிலம். பெயரை வைத்து மட்டும் தேடினால் எவ்வளவு நழுவும்னு சொல்ல வேண்டியதில்லை.

மூன்று, முதலில் புகாரே பதிவாகணும். போக்சோ சட்டத்தில், ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. ஏன் இந்த விதி முக்கியம்னு இப்போ புரியும். எங்கேயும் எழுதப்படாததை எந்தச் சோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது. மறைக்கிற ஒவ்வொரு நிறுவனமும் அடுத்த நிறுவனத்துக்கு ஒரு ‘பதிவு எதுவும் இல்லை’ தயாரித்துக் கொடுக்கிறது.

இன்னொன்று. போக்சோ வழக்குகளில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு ஏற்கனவே தெரிந்தவர்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. பக்கத்து வீட்டு அங்கிளுக்கோ, சொந்தக்கார மாமாவுக்கோ எந்த போர்ட்டலிலும் வெரிஃபிகேஷன் கிடையாது.

சரி, நாம என்ன செய்யலாம்?

சோதனை வேஸ்ட்னு நான் சொல்லலை. அது முதல் கேட் மட்டும்தான். உள்ளே இன்னும் சில கேட் வேணும்.

உங்க குழந்தையையோ, தம்பி தங்கச்சியையோ நீச்சல், கராத்தே, டியூஷன்னு எங்கே சேர்த்தாலும் நாலு கேள்வி கேளுங்க. வெரிஃபிகேஷன் எப்போ செய்தீங்க, எப்போ புதுப்பிப்பீங்க? முன்னாடி வேலை செய்த இடத்துக்குப் போன் போட்டுப் பேசினீங்களா, லெட்டரை மட்டும் வாங்கி வைத்தீங்களா? ஒரு பெரியவர் குழந்தையோடு தனியா மூடின அறையில் இருக்க வாய்ப்பு இருக்கா? குழந்தை ஏதாவது சொன்னால் யாரிடம் போகணும், அந்தப் பெயர் குழந்தைக்குத் தெரியுமா?

கடைசி இரண்டு கேள்விக்கு எந்தத் தரவுத்தளமும் வேண்டாம். கதவில் ஒரு கண்ணாடி, இன்னொரு பெரியவர், சுவரில் 1098 என்ற நம்பர். எவ்வளவு செலவாகும்?

வீட்டில் தாத்தா பாட்டிக்கு ஹோம் நர்ஸ் வைக்கிறீங்கன்னா, போக்சோ விதி அங்கே உதவாது, அது குழந்தைகளுக்கு மட்டும். நாமதான் கேட்கணும். ஏஜென்சி சொல்றதை நம்பி விடாம, சரிபார்ப்பு அறிக்கையையே கேட்டு வாங்கிப் பாருங்க. பணமும் கார்டும் வேற ஒருத்தர் கையில் இருக்கட்டும். தாத்தாவோடு தனியா ஒரு பத்து நிமிஷம் பேசுங்க, தினமும். முதியோருக்கான உதவி எண் 14567.

கேட்கக் கூச்சமாத்தான் இருக்கும். ‘என்னைச் சந்தேகப்படறீங்களா?’ன்னு கேட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கும். அதுக்குத்தான் விதி எல்லாருக்கும் ஒன்றா இருக்கணும். ஏர்போர்ட்டில் பையை ஸ்கேன் பண்றதை யாரும் அவமானமா நினைக்கிறதில்லை, ஏன்னா எல்லார் பையும் போகுது. ஒருத்தரை மட்டும் நிறுத்தினால்தான் அவமானம்.

கடைசியா என் கதை. அடுத்த சனிக்கிழமை நானே வெரிஃபிகேஷன் ரசீதை எடுத்துக்கொண்டு போய் அந்த அக்காவிடம் காட்டினேன். “எதுக்கு தம்பி இதெல்லாம்?”ன்னாங்க. “எனக்காக இல்லைக்கா. எனக்கு அடுத்து வர்றவர்கிட்ட நீங்க கூச்சப்படாம கேட்கணும்ல”ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. பிறகு வாசலில் இருந்த அந்த நோட்டை எடுத்து, பெயர், போன் நம்பருக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் போட்டாங்க.

முதல் வரியில் என் பெயர் இருக்கு. இப்போ அதுக்குக் கீழே இன்னும் ஆறு பேர். கூடவே கம்ப்யூட்டர் ரூம் கதவையும் வகுப்பு நேரத்தில் திறந்தே வைக்கிறோம். ஃபேன் காத்து வெளியே போகுதுன்னு பசங்க மட்டும் புலம்பறாங்க.

உங்க பள்ளியில், அபார்ட்மென்ட்டில் இதை எப்படிச் செய்யறாங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.